ஜூட்லாண்டில் ஒரு மசி 35

டென்மார்க்கின் மேற்கு ஜூட்லாண்ட் மணல் தரை. காற்றை மறிக்க நிரையாக மரம் நட்டிருக்கிறார்கள். எங்களோடு வேலை செய்பவரின் தகப்பனாருக்கு அங்கே கிழங்குத் தோட்டம். அதில் நின்றது, கிளிநொச்சியில் நாங்கள் உழுத அதே மசி பேர்குசன் 35! குளிர்காலம் முழுக்க வெளியில் நின்று கியர் இறுகிவிட்டதாம். பழைய இரும்புக்குப் போடப்போகிறாராம். பொறுங்கள் என்றோம்.

கீழ் நட்டைத் தளர்த்த முதலில் தண்ணீர், பிறகுதான் ஒயில். கியர்த்தடி மூடியைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு கியர் ஒன்றாய் விழுந்திருந்தன. துருவுக்கு டீசல் விட்டு, ஸ்குரூ டிறைவரால் மெல்ல நெம்ப, 'டக்'கென்று நியூட்ரலுக்கு வந்தது. சுத்தியல் எடுத்திருந்தால் கவை உடைந்திருக்கும்! தொழிற்சாலையில் பொத்தான் அழுத்துகிற கைகளை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒக்டோபரில் 42ஆம் வார விடுமுறைக்கு (பழையவர்களுக்கு அது 'கிழங்கு விடுமுறை') பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்.