நம் வீட்டுக்கு எத்தனை கிலோவாட்?



சென்ற கோடையில் நமது வீட்டின் மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு 560 யூனிட்டைத் தொட்டது. சேத்தியாத்தோப்பில் பங்குனி தொடங்கிவிட்டால் மொட்டைமாடித் தளம் இரவு பத்து மணிவரை அனல் கக்கும். மாலையில் திண்ணையில் ஓதவரும் பிள்ளைகளுக்கும் காற்று வேண்டும். அந்த நேரத்தில்தான் சூரிய மின்சாரப் பலகைகள் அமைத்துத் தரும் நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர் வந்தார். மாடியை அளந்தார். "இடம் தாராளமா இருக்கு ஹஜ்ரத், 5 கிலோவாட் போட்டுடலாம். கரண்ட் பில்லே வராது" என்றார். செலவு 3,10,000 ரூபாய். நம்மிடம் இருந்ததோ 90,000. மீதிக்கு வங்கிக்கடன் பிணையில்லாமல் கிடைக்கும் என்றார். வட்டியைப் பற்றி நாம் கேட்டபோது, "ரொம்பக் குறைவுதான்" என்று சிரித்தார்.

குறைவானாலும் வட்டி வட்டிதான் என்பதை நாம் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறவர்கள். அவரை அனுப்பிவிட்டு, மின்கட்டண அட்டையை எடுத்துவைத்துக் கணக்குப் போட உட்கார்ந்தோம்.

முதலில் கண்ணில் பட்டது இது. மாடியின் அளவுக்கும் நமது தேவையின் அளவுக்கும் தொடர்பே இல்லை. ஒரு கிலோவாட் பலகைக்கு ஏறக்குறைய 100 சதுர அடி போதும். நமது ஊர் வெயிலில் அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அப்படியானால் 5 கிலோவாட், இரண்டு மாதத்தில் 1,200 யூனிட். நமது மிக மோசமான கோடையே 560தான்! ஓராண்டின் ஆறு கணக்கீடுகளையும் கூட்டி வகுத்தால் சராசரி 440 வந்தது. கோடைக் கட்டணம் ஒன்றை மட்டும் பார்த்து மிரண்டுபோய் அளவைத் தீர்மானிப்பவர்கள் நம்மில் நிறையப் பேர்.

அடுத்தது கட்டணத்தின் அமைப்பு. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். இலவசமாக வருவதை ஈடுசெய்யப் பணம் போட்டுப் பலகை வாங்குவதில் பொருளில்லை. சுமையெல்லாம் மேல்தட்டு யூனிட்டுகளில்தான் இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டண விகிதப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 560 யூனிட்டுக்கு 2,430 ரூபாய். வெறும் 60 யூனிட்டுக்கு 705 ரூபாய் கூடுகிறது, ஏனெனில் 500ஐத் தாண்டியதும் கீழ்த்தட்டின் விலையும் சேர்ந்து ஏறிவிடுகிறது. (2024 ஜூலையில் விகிதங்கள் இன்னும் சற்று உயர்ந்தன.) ஆகவே ஒரு குடும்பம் கேட்க வேண்டிய கேள்வி, மேலே உள்ள அந்த விலையுயர்ந்த யூனிட்டுகளைக் குறைக்க எவ்வளவு போதும் என்பதே.

இந்த இடத்தில் நமது இல்லத்தரசி ஒரு கேள்வி கேட்டார்கள். "மேல பலகை வைக்கிறதுக்கு முன்னாடி, கீழ சுத்துற ஃபேனைப் பாத்தீங்களா?"

பார்த்தோம். நான்கு பழைய மின்விசிறிகள், ஒவ்வொன்றும் 75 வாட். இப்போது வரும் பிஎல்டிசி வகை 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் ஓடினால் நான்கிலும் சேர்த்து இரண்டரை யூனிட் மிச்சம். இரண்டு மாதத்தில் 150 யூனிட். குளிர்மாதங்களில் குறையும் என்பதால் சராசரி 120 என்று வைத்தோம். அரைக் கிலோவாட் பலகை செய்யும் வேலையை நான்கு மின்விசிறிகள் செய்துவிட்டன. உணவிலும் பானத்திலும் வீண்விரயம் கூடாது என்ற அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். தலைக்கு மேலே சுற்றிய விரயம் நமக்குத் தெரியவில்லை.

440இல் 120 போனால் 320. இலவச 100 போனால் 220. ஒரு கிலோவாட் 240 தரும். ஆக, 5 என்று தொடங்கியது 1இல் வந்து நின்றது. நமக்கு மிகுந்த திருப்தி. அதை அம்மாவிடம் பெருமையோடு சொன்னோம்.

அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. கத்திரி வெயிலில் இரவு முழுவதும் தூங்காமல் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் அமர்ந்திருப்பார்கள். அவர்களுடைய அறைக்குக் குளிர்சாதனம் வைக்கலாமா என்று நாம் கேட்டதேயில்லை, அவர்களும் வாய்திறந்ததில்லை. ஏன் என்று அன்றுதான் தெரிந்தது. "ஏசி ஆடம்பரம்னு நீதானே தம்பி பயான்ல சொன்னே" என்றார்கள்.

நாம் சொன்னது உண்மைதான். ஃபிக்ஹுப் பாடத்தில் அத்தியாவசியம், தேவை, அலங்காரம் என்று மூன்று படித்தரங்களைப் பிரித்துக் கற்பிக்கிறோம். ஓர் இளைஞனுக்கு அலங்காரமாக இருப்பது நோயுற்ற முதியவருக்குத் தேவை என்பதும் அதே பாடத்தில்தான் இருக்கிறது. நமது வீட்டுக்குள் அந்தப் பக்கத்தை நாம் புரட்டவில்லை. அந்த இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை, வெப்பத்தினால் அல்ல.

மறுநாள் கணக்கைத் திருத்தினோம். ஒரு டன் இன்வெர்ட்டர் வகைக் குளிர்சாதனம் மணிக்கு முக்கால் யூனிட்டுக்கு மேல் இழுக்கும்; இரவில் ஐந்து மணி நேரம் என்றால் ஏறத்தாழ 4 யூனிட். கோடையில் இன்னொரு கிலோவாட் வேண்டும். ஆக 2 கிலோவாட்: நான்கு பலகைகள். வெயில் பகலில், குளிர்சாதனம் இரவில் என்ற கவலை வேண்டியதில்லை. பகலில் மிஞ்சுவது மின்வாரியக் கம்பிக்குப் போகும், இரவில் எடுப்பதை இருவழி மீட்டர் அதில் கழித்துக்கொள்ளும்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தின் மானியமும் இங்கே ஒரு பாடம். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000 ரூபாய். மூன்றுக்கு மேல் எவ்வளவு பெரிதாக்கினாலும் அதே 78,000தான். விற்பனையாளர் இதைச் சொல்லவில்லை. மானியம் பலகை பொருத்தி முடித்த பின்னரே வங்கிக் கணக்கில் வரும் என்பதையும் சொல்லவில்லை. முழுத்தொகையும் முதலில் நாமே கட்டவேண்டும். 2 கிலோவாட்டுக்கு வேறொரு நிறுவனம் கேட்டது 1,40,000. குறைந்த 50,000 ரூபாயை லால்பேட்டையிலுள்ள மச்சான் கர்ள் ஹஸனாவாகத் தந்தார். எழுதி, இரு சாட்சிகளோடு கையொப்பமிட்டுத்தான் வாங்கினோம். உறவினர்தானே என்று விடக்கூடாத இடம் இது.

இன்னொன்று. மின்வாரியக் கம்பியோடு இணைந்த இந்த அமைப்பு, மின்தடை வந்தால் வெயில் கொளுத்தினாலும் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபின் இருட்டில் கழித்த நாட்களை மறக்காதவர்கள் நாம். நெய்வேலி பக்கத்தில் இருந்தும் அந்த இருட்டு. ஆகவே பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் விற்கவில்லை. அது விளக்குக்கும் இரண்டு மின்விசிறிக்கும் தாங்கும். குளிர்சாதனத்துக்குத் தாங்காது என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம்.

தெற்கு நோக்கிப் பலகைகளைப் பொருத்தினார்கள். பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் மூன்று மணிக்கு மேல் ஓர் ஓரத்தில் விழும் என்பதால் இரண்டு அடி தள்ளி வைத்தோம். நெடுஞ்சாலைத் தூசி படிவதால் வாரம் ஒருமுறை ஃபஜ்ருக்குப் பின், பலகை சூடேறுமுன், நமது மகன் ஒரு வாளித் தண்ணீரோடு மாடியேறுகிறான். மானியம் வந்த அன்றே மச்சானின் கடன் அடைந்தது, அல்ஹம்துலில்லாஹ். இந்தக் கத்திரியில் அம்மா தஹஜ்ஜுத் நேரம்வரை தூங்குகிறார்கள். குளிர் கூடிவிட்டதென்று அவர்களே எழுந்து இயந்திரத்தை நிறுத்திவிடுகிறார்கள்.