நாலரை மணி

என் மகன் பிளஸ் டூ படித்த வருஷம் முழுக்க விடிகாலை நாலரை மணிக்கு அவன் காலைப் பிடித்து இழுத்துத்தான் எழுப்பினேன். முதலில் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். அசையாவிட்டால் போர்வையை உருவுவேன். அதற்கும் எழவில்லையென்றால் கால். சில நாள் சொம்புத் தண்ணீரும் ஊற்றியிருக்கிறேன். "சோம்பேறி நாயே" என்று அந்த வருஷத்தில் எத்தனை தரம் திட்டினேன் என்பதற்குக் கணக்கில்லை. பங்காளி வீட்டு விசேஷத்தில், நாலு பேர் நடுவிலும் திட்டினேன். அவன் அம்மா தடுக்க வந்தால், "நீ செல்லம் குடுத்துத்தான் கெட்டான்" என்று அவள் வாயையும் அடைத்தேன்.

தெரியாமல் செய்திருந்தால் இவ்வளவு வலிக்காது. நான் நாமக்கல்காரன், 22 வருஷம் லாரி ஓட்டியவன். சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றினால் ஓசூர், அனந்தப்பூர், ஐதராபாத் வழியாக நாக்பூர் வரை போய் இறக்கிவிட்டு வருவேன். ராத்திரி இரண்டு மணியிலிருந்து விடியும்வரை இருக்கிற நேரம்தான் எங்கள் தொழிலில் எமன். கண் திறந்தே இருக்கும், ரோடு மட்டும் காணாமல் போய்விடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் அசந்தால் வண்டி 50 மீட்டர் தன்னால் ஓடியிருக்கும். நள்ளிரவுக்கு மேல் போலீஸ்காரர்களே லாரியை ஓரங்கட்டச் சொல்லி, முகம் கழுவவைத்து, டீ கொடுத்து அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். முகம் கழுவியது கொஞ்ச தூரம்தான் தாங்கும். தூக்கத்துக்குத் தூக்கம்தான் மருந்து. இதை எத்தனையோ புது டிரைவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பதினெட்டு வயதில் நான் கிளீனராக வண்டி ஏறியபோது எங்கள் டிரைவர் அண்ணன், "படுடா கண்ணு, தர்மபுரி தாண்டி எழுப்புறேன்" என்று தன் துண்டை மடித்துத் தலைக்குக் கொடுப்பார். வயசுப் பையனுக்குத் தூக்கம் வேண்டும் என்று பள்ளிக்கூடமே போகாத அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று 1961இல் வந்தது ஒன்று இருந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அதில் வேலை நேரம் எழுதியிருந்தது. அந்தச் சட்டத்தைச் சொல்லி முதலாளியிடம் சண்டை போட்டவன் நான். என் மகனுக்கு? நாலரைக்கு எழுந்தால் ஆறு மணிக்கு டியூஷன். ஒன்பதுக்குப் பள்ளிக்கூடம், சாயந்திரம் ஸ்பெஷல் கிளாஸ், ஏழிலிருந்து ஒன்பதுவரை மறுபடி டியூஷன். சாப்பிட்டுவிட்டு எழுதி முடிக்கப் பதினொன்றரை ஆகிவிடும். எந்த முதலாளியும் என்னிடம் கேட்காத நேரத்தை நான் அவனிடம் வாங்கினேன்.

எனக்கு இருந்தது பயம். என் பிள்ளை ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்ற பயம். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் கட் ஆஃப் 200க்கு. கணக்கில் நூறு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது. அரை மார்க் குறைந்தால் எத்தனை பேர் முன்னால் போய்விடுவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இனி சொல்லப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. தை மாசம், நல்ல பனி. கொல்லைக் குழாயடியில் பல் விளக்கப் போனவன் வெகுநேரமாக வரவில்லை. போய்ப் பார்த்தேன். வாயில் பிரஷ் இருக்கிறது, கை அதைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறது. பேஸ்ட் நுரை தாடை வழியாக வழிந்து பனியனில் சொட்டுகிறது. கண் பாதி திறந்திருக்கிறது. நின்றுகொண்டே தூங்குகிறான். அந்த முகம் எனக்குப் புதிதில்லை. அனந்தப்பூர் ரோட்டில் எத்தனையோ ராத்திரி என் வண்டிக் கண்ணாடியில் நானே பார்த்த முகம். இந்த நிலையில் இருக்கிற ஒரு டிரைவரை நான் வண்டி எடுக்க விட்டிருக்க மாட்டேன், சாவியைப் பிடுங்கியிருப்பேன். என் மகனை, "சீக்கிரம் வாடா, மணி ஆச்சு" என்று சொல்லி சைக்கிளில் ஏற்றி அனுப்பினேன்.

சரியாகப் பன்னிரண்டாம் நாள் டியூஷனுக்குப் போகிற வழியில் விழுந்தான். குறுக்கே எதுவும் வரவில்லை. ரோட்டோரச் சாக்கடைக்குள் சைக்கிளோடு இறங்கிவிட்டான். புருவத்தில் ஆறு தையல், முன்பல் ஒன்று பாதி உடைந்துவிட்டது. "எப்படிப்பா விழுந்தே?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தூங்கிட்டேனுங்க" என்றான். இந்த வயதில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும், உடம்பில் தூக்கத்தை வரவழைக்கிற மெலடோனின் பெரியவர்களைவிடத் தாமதமாகத்தான் சுரக்கும், அதனால்தான் இவர்களுக்கு ராத்திரி சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் எழவும் முடியாது என்று அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். பிறகு நான் கேட்ட முதல் கேள்வி, "திங்கக்கிழமை ரிவிஷன் டெஸ்ட் எழுதலாங்களா?" என்பது. ஊரில் கேட்டவர்களிடம் நாய் குறுக்கே ஓடியது என்று சொல்லிவிட்டேன். அவனும் அதையே சொன்னான், எனக்காக.

இப்போது கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறான். நல்லபடியாகத்தான் இருக்கிறான். லீவுக்கு வந்தால் பத்து மணிவரை தூங்குவான், யாரும் எழுப்புவதில்லை. போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, ஃபேன் வேகத்தைக் குறைக்கலாமென்று அவன் கட்டிலோரம் போனேன். என் காலடிச் சத்தம் கேட்டதும், தூக்கத்திலேயே, போர்வைக்கு வெளியே கிடந்த பாதத்தை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டான். நான் அங்கேயே நின்றேன். குழாயடியில் அவனைப் பார்த்ததை இன்னும் அவனிடம் சொல்லவில்லை. சொல்லியாக வேண்டும்.

சின்னவள் ஒன்பதாம் வகுப்பு. அவளை ஒரு நாளும் நான் எழுப்பியதில்லை. ஆனால் பழக்கதோஷத்தில் எனக்கு நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். நேற்று தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது அவள் அறையில் லைட் எரிந்தது. கதவைத் தள்ளினேன். மடியில் புத்தகம், தலை சுவரில் சாய்ந்திருந்தது. என்னைக் கண்டதும் விருட்டென்று நிமிர்ந்து, "எந்திரிச்சிட்டேனுங்கப்பா, அப்பவே எந்திரிச்சிட்டேன்" என்றாள்.

"படுத்துக்க சாமி" என்றேன். லைட்டை அணைத்தேன். படுத்தாள். நான் வாசல் திண்ணைக்கு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவள் ஜன்னலில் மறுபடி வெளிச்சம்.