தோண்டாமல் தேடும் புதையல்

திறந்த வெளியில் யாரோ ஒளித்துவைத்த பெட்டியை, அட்சரேகை தீர்க்கரேகை எண்களை மட்டும் துணையாகக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். இதற்கு மூன்று பொருள்கள் போதும்: நனையாத ஒரு பெட்டி, அது இருக்கும் இடத்தின் எண், அந்த இடத்தைப் பற்றிய நாலு வார்த்தை. எண்ணைக் காட்டி வழிநடத்தியது ஜிபிஎஸ் கருவி. வார்த்தைகளைச் சுமந்து சென்றது, சட்டைப்பையில் அடங்கும் மின்னணு நாட்குறிப்பு. தமிழ்நாட்டில் அதை டிஜிட்டல் டைரி என்றால்தான் எல்லாருக்கும் புரியும்.

இந்த விளையாட்டுக்குப் பிறந்த நாள் உண்டு. அமெரிக்க அரசு தன் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையில், பொதுமக்கள் கருவிகள் துல்லியமாக இயங்காதபடி வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து அனுப்பி வந்தது. அதனால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தவறலாம். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், அதிபர் கிளின்டன் உத்தரவின்படி அந்தப் பிழை நீக்கப்பட்டது. ஒரே இரவில் உலகத்துக் கருவிகள் அனைத்தும் ஏறத்தாழப் பத்து மடங்கு கூர்மை பெற்றன. மே 3 அன்று ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரை அடுத்த பீவர்க்ரீக் பகுதியில், டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியில் சில பொருள்களையும் ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் போட்டு வைத்து, இடத்தின் எண்களை ஊரறியச் சொன்னார். கண்டுபிடிப்பவர் எதையாவது எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு எதையாவது வைக்க வேண்டும் என்பதே அவர் விதித்த நிபந்தனை. மூன்று நாளுக்குள் மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்துக் குறிப்பேட்டில் எழுதினார். ஜியோகேச்சிங் என்ற பெயரை அதே மாத இறுதியில் மாட் ஸ்டம் முன்வைத்தார். செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் என்ற நிரலாளர், பெட்டிகளைப் பட்டியலிட்டுப் பராமரிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார். இன்று 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் 30 லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் இருக்கின்றன.

தொடக்க ஆண்டுகளில் தேடுவோருக்கு ஒரு சிக்கல் இருந்தது. அப்போதைய கையடக்க ஜிபிஎஸ் கருவிகள் ஓரிடத்தின் எண்ணையும், சில எழுத்துகளே கொண்ட ஒரு பெயரையும் மட்டும் நினைவில் வைத்தன. ஒளித்தவர் எழுதிய விவரம், வழியிலுள்ள ஆபத்து, முன்பு வந்தவர்கள் சொன்ன செய்தி, சிக்கினால் உதவும் குறிப்பு ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. எல்லாவற்றையும் தாளில் அச்சடித்துக் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். மழை வந்தால் மை கரையும், காற்றடித்தால் தாள் பறக்கும். போகிற வழியில் இன்னொரு பெட்டி இருப்பது தெரிந்தாலும், அதன் தாள் வீட்டில் இருக்கும்.

இந்த இடத்தில்தான் மின்னணு நாட்குறிப்பு கைகொடுத்தது. 1984-இல் பிரிட்டனின் சையான் நிறுவனம் இத்தகைய கருவியை விற்கத் தொடங்கியது. 1996-இல் அமெரிக்காவில் வந்த பாம் பைலட் அதைப் பரவலாக்கியது. அதன் திரை 160-க்கு 160 புள்ளிகள், கறுப்பு வெள்ளை. இரண்டு சிறிய பென்டார்ச் பேட்டரிகளில் வாரக்கணக்கில் ஓடியது. ஜெஃப் ஹாக்கின்ஸ் வடிவமைத்த எளிய கோட்டெழுத்தை ஊசிமுனை போன்ற குச்சியால் திரையில் கீறினால், அது எழுத்தாக மாறியது. நம் ஊர்களுக்கு இந்த வகைக் கருவி முதலில் அறிமுகமானது கேசியோ போன்ற டிஜிட்டல் டைரிகளின் வடிவில். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வருகிறவர்கள் பெட்டியில் அது ஒன்று இருக்கும். பெங்களூரு அறிவியலாளர்கள் சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியை இந்திய மொழிகளில் இயங்கும்படி உருவாக்க, அதன் ஒரு வடிவம் 2004-இல் அமிடா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

வேட்டைக்கான ஆயத்தம் முந்தின இரவே தொடங்கும். கணினியில் ஒரு வட்டாரத்தின் பெட்டி விவரங்களை ஒரே கோப்பாக இறக்கி, கருவியைத் தாங்கியில் செருகி ஒரு பொத்தானை அழுத்தினால், எல்லாம் நாட்குறிப்புக்குள் போய்விடும். பாம் கருவிகளுக்காக கேஷ்மேட் என்ற நிரல் இருந்தது. நூற்றுக்கணக்கான பெட்டிகளின் விவரங்களும் உள்ளங்கைக்குள் வந்தன. இதைக் காகிதமற்ற வேட்டை என்றார்கள். ஒரே எச்சரிக்கை, பேட்டரி தீர்ந்தால் நினைவகமும் அழிந்துவிடும். அதனால் மாற்றுப் பேட்டரி இல்லாமல் யாரும் வெளியே கிளம்பவில்லை. 2003-இல் கார்மின் நிறுவனம் ஜிபிஎஸ்ஸும் நாட்குறிப்பும் ஒன்றாக அமைந்த ஐக்யூ 3600 கருவியைக் கொண்டுவந்தது.

கருவியின் அருமை தெரிவது குறிப்பைப் படிக்கும்போது. பெட்டி எங்கே என்று உடைத்துச் சொல்லும் குறிப்பு, தற்செயலாகக் கண்ணில் பட்டு விளையாட்டைக் கெடுத்துவிடாதபடி மறையெழுத்தில் இருக்கும். ஆங்கில எழுத்து 26-இல் ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளி எழுதுவது வழக்கம். தாளில் ஒவ்வோர் எழுத்தாக எண்ணிப் பிரிக்க வேண்டியதை நாட்குறிப்பு ஒரு தட்டலில் பிரித்துக் காட்டியது. தமிழுக்கும் இந்த முறை அழகாகப் பொருந்தும். மெய்யெழுத்து 18. ஒவ்வொன்றையும் 9 இடம் தள்ளினால் ககரம் மகரமாகும், மகரம் ககரமாகும், பகரம் னகரமாகும், றகரம் நகரமாகும். உயிர்க்குறி அப்படியே நிற்கும். அப்போது 'பனை' என்பது 'னபை' ஆகும். 'பாறை' என்பது 'னாநை' ஆகும். அதே கணக்கை இன்னொரு முறை போட்டால் பழைய சொல் திரும்பிவரும். பள்ளிப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய இந்தக் கணக்கு, இடத்தைத் தேடும் விளையாட்டைச் சொல்லைத் தேடும் விளையாட்டாகவும் ஆக்கிவிடும்.

திண்டுக்கல் நகரமும் அதைச் சுற்றிய சமவெளியும் இந்த விளையாட்டுக்கென்றே அமைந்தவை போல இருக்கின்றன. ஊருக்குப் பெயர் தந்த திண்டு போன்ற கல், எந்தத் திசையிலிருந்து வந்தாலும் தொலைவிலேயே கண்ணில் படும். மதுரை நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டில் அதன் மேல் எழுந்த கோட்டை ஹைதர் அலி, திப்பு ஆகியோர் கைக்கு மாறி, 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் ஆங்கிலேயர் வசமானது. மலைக்கோட்டை இருப்பது வட அட்சம் 10 டிகிரி 21 நிமிடத்தையும், கிழக்குத் தீர்க்கம் 77 டிகிரி 57 நிமிடத்தையும் ஒட்டி. 78-ஆவது தீர்க்கரேகை அங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே ஓடுகிறது. 1802-இல் சென்னையில் வில்லியம் லாம்டன் தொடங்கிய மாபெரும் முக்கோண நில அளவையின் நடுநரம்பாக, குமரியிலிருந்து இமயம் வரை நீண்ட பெருவில் இந்த ரேகையை ஒட்டியே அளக்கப்பட்டது. கனத்த தியோடலைட்டைக் குன்றுகள் மீது ஏற்றி ஆண்டுக்கணக்கில் கண்டறிந்த எண்ணை, இன்று நின்ற இடத்தில் ஒரு நிமிடத்தில் பெறலாம்.

அந்த எண்ணை எழுதும் முறையையும் பார்க்க வேண்டும். ஜியோகேச்சிங்கில் டிகிரியையும் நிமிடத்தையும் எழுதி, நிமிடத்துக்குப் பின் புள்ளியிட்டு மூன்று இலக்கம் எழுதுவார்கள். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது தரையில் ஏறத்தாழ 1,850 மீட்டர். ஆகவே முதல் இலக்கம் ஒன்று மாறினால் 185 மீட்டர், இரண்டாவது மாறினால் 18 மீட்டர், மூன்றாவது மாறினால் இரண்டு மீட்டருக்கும் குறைவு. முதல் இலக்கம் தப்பினால் அடுத்தவர் தோட்டத்தில் போய் நிற்க நேரும். மூன்றாவது தப்பினால் அதே வேப்பமரத்தின் மறுபக்கம் பார்த்தால் போதும். தசமத்தின் மதிப்பைக் கால்நடையாக நடந்து உணர இதைவிட நல்ல பாடம் இல்லை.

கருவியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. சமவெளியில் வானம் விரிந்து கிடப்பதால் செயற்கைக்கோள்கள் நன்றாகத் தெரியும். ஆனால் கரட்டின் செங்குத்துப் பாறையை ஒட்டி நின்றால் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பி, எண் ஆடும். சிறுமலை அடிவாரத்து மரக்கூட்டத்திலும் அப்படியே. இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு கொடைக்கானலுக்கு அருகில் செல்கிறது. 1899-இல் அங்கே அமைந்த வானாய்வகத்தில் பூமியின் காந்தப்புலமும் நெடுங்காலம் அளக்கப்பட்டது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய வான்மண்டலத்தின் மின்னேற்ற அடுக்கு, சூரியன் மறைந்த பின் சில இரவுகளில் கொந்தளிக்கும். அப்போது ஜிபிஎஸ் சமிக்ஞை சிதறும். எனவே தேடலைக் காலையில் வைத்துக்கொள்வது வெயிலுக்கும் நல்லது, கணக்குக்கும் நல்லது. பழைய நில அளவை வரைபடங்களில் உள்ள எண்களை அப்படியே கருவியில் இடுவதும் தவறு. அவை எவரெஸ்ட் என்ற பழைய அளவைக்கோளத்தைக் கொண்டு வரைந்தவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது வேறொன்றை. மாற்றாமல் இட்டால் இடம் 100 மீட்டருக்கு மேலும் தள்ளிப்போகக்கூடும்.

புதையல் என்ற சொல்லுக்குப் புதைந்திருப்பது என்றுதான் பொருள். தமிழ்நாட்டில் அந்தச் சொல் மண்வெட்டியோடு சேர்ந்தே வருகிறது. புதையல் ஆசையில் பாழடைந்த கோயில்களும் பழைய கல்லறைத் திட்டுகளும் தோண்டப்பட்டது உண்டு. அதில் போவது பொன் மட்டுமன்று. பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010 ஆண்டுகளில் நடத்திய அகழாய்வில், ஒரு கல்லறைக்குள் ஒரு சாடி நிறைய நெல் கிடைத்தது. அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. அதே கல்லறையில் தமிழி எழுத்துப் பொறித்த தாங்கியும் இருந்ததால், எழுத்தின் பழமைக்கு அந்த நெல் சாட்சியாயிற்று. பொன்னைத் தேடி ஒருவன் முன்பே அங்கே தோண்டியிருந்தால், நெல்லை வாரி இறைத்துவிட்டுப் போயிருப்பான். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

ஜியோகேச்சிங்கின் முதன்மையான விதி இதற்கு நேரெதிரானது: பெட்டியை வைக்கவும் குழி தோண்டக்கூடாது, எடுக்கவும் தோண்டக்கூடாது. கல்லிடுக்கில், மரப்பொந்தில், பாலத்தின் அடியில் வைக்கலாம். கண்டுபிடித்தவர் பெயரையும் நாளையும் குறிப்பேட்டில் எழுதி, இருந்த இடத்தில் இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும். பெட்டிக்குள் இருப்பதோ சாவிக்கொத்து, பழைய நாணயம், பளிங்குக் குண்டு, பம்பரம் போன்ற சில்லறைப் பொருள்கள். அவற்றுக்காக யாரும் பத்துக் கிலோமீட்டர் நடப்பதில்லை. தேடிப் போகிற வழியில் ஒரு குளத்துக் கரையும், பெயர் தெரியாத ஒரு நடுகல்லும், நாவற்பழம் உதிர்ந்து கிடக்கும் ஓர் ஓடைக்கரையும் தெரியவருகின்றன. உண்மையான வரவு அதுதான்.

இங்கே பெட்டி வைக்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில. மலைக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம், அதற்குள் எதையும் ஒளிக்கக்கூடாது. அத்தகைய இடங்களுக்குப் பெட்டியில்லாத முறை ஒன்று இருக்கிறது. படிகளின் எண்ணிக்கையோ பலகையில் உள்ள ஆண்டோ விடையாக வரும்படி கேள்வி கேட்டு, அந்த விடையைக் கொண்டு அடுத்த இடத்தின் எண்ணைக் கணக்கிடச் சொல்வது. பேருந்து நிலையம், ரயில் நிலையம், கோயில், மசூதி, தேவாலயம் ஆகியவற்றின் அருகே கேட்பாரற்ற பெட்டி கிடந்தால் மக்கள் அஞ்சுவார்கள், காவல்துறை வரும். ஆகவே உள்ளிருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் டப்பாவையே பயன்படுத்தி, இது விளையாட்டுப் பெட்டி என்று தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். பட்டா நிலமானால் உரிமையாளரிடமும், காடானால் வனத்துறையிடமும் முன்பே கேட்க வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறுகள் பக்கம் வைக்கவே கூடாது. எண்ணைப் பார்த்தபடி நடக்கிறவர் காலடியைப் பார்ப்பதில்லை. கல்லிடுக்கில் கையை விடுமுன் குச்சியால் தட்ட வேண்டும், விரியன் அங்கேதான் படுத்திருக்கும். சீமைக்கருவேல முள்ளுக்குத் தடித்த செருப்பு வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழியும் தையும் உகந்த காலம்.

திண்டுக்கல்லுக்கு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றுத்தந்த பூட்டும் இதில் சேரலாம். முதல் பெட்டியில் சாவி, இரண்டாம் பெட்டியில் அந்தச் சாவிக்குரிய மாங்காய்ப் பூட்டு என்று வைத்தால், ஊரின் கைத்தொழிலே விளையாட்டின் முடிச்சாகிவிடும். பூட்டுப் பட்டறைகள் குறைந்துவரும் காலத்தில், ஒரு பிள்ளை தன் கையால் அந்தப் பூட்டைத் திறந்து பார்ப்பது சிறிய காரியம் அன்று.

2007-க்குப் பிறகு வந்த தொடுதிரைக் கைபேசிகள் ஜிபிஎஸ், நாட்குறிப்பு, வரைபடம் மூன்றையும் ஒன்றாக்கின. பாம் கருவிகளின் உற்பத்தி 2011-இல் நின்றது. இந்தியாவும் 2013 முதல் 2016 வரை ஏழு செயற்கைக்கோள்களை அனுப்பி, நாவிக் என்ற சொந்த வழிகாட்டும் அமைப்பை நிறுவியது. ஆனாலும் அந்தப் பழைய கருவி கற்றுத்தந்த ஒழுங்கு காலாவதியாகவில்லை. புறப்படுமுன் படிக்க வேண்டும், தேவையானதைக் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும், போன இடத்தில் திரையை மூடிவிட்டுச் சுற்றிலும் பார்க்க வேண்டும். அலைபேசி கோபுரம் எட்டாத கரட்டில் இன்றும் உதவுவது இந்த ஆயத்தம்தான். மாவட்டத்துப் பள்ளிகளின் புவியியல் ஆசிரியர்கள் ஓர் அரைநாளை இதற்கு ஒதுக்கலாம். செலவு ஒரு டப்பா, ஒரு பென்சில், ஒரு நோட்டுப்புத்தகம். மண்ணில் ஒரு குழிகூட விழாமல் சொந்த ஊரைக் கண்டெடுக்க அவை போதும்.