சொல்லும் படமும் மாறாமல்

பள்ளிக்கூடக் கட்டுரையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் ஆசிரியர் சுழித்துவிடுவார். இயந்திரக் கையேடு எழுதுபவர் அந்தப் பாடத்தை மறந்தாக வேண்டும். மூன்றாம் பக்கத்தில் ‘வால்வு’, ஒன்பதாம் பக்கத்தில் ‘அடைப்பான்’ என்று எழுதினால், படிப்பவர் இரண்டு பாகங்களைத் தேடுவார். மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸில் இருந்துகொண்டு கிள்ளான் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கும் கிடங்குகளுக்கும் தமிழில் கையேடு தயாரிக்கிறேன். சொல் மாறாமல் எழுதுவதையே படிப்பவருக்குச் செய்யும் மரியாதையாக நினைக்கிறேன்.

எழுதத் தொடங்குமுன் மேற்பார்வையாளரோடும் தொழிலாளிகளோடும் இயந்திரத்தைச் சுற்றி வருவேன். அவர்கள் வாயில் வரும் பெயரே என் சொற்பட்டியலில் ஏறும். படத்திலுள்ள பெயர்களும் அந்தப் பட்டியலிலிருந்துதான் வரும்.

படத்துக்குப் பார்வைக் கோணமும் முக்கியம். வால்வின் சக்கரத்தை ஒரு பக்கத்தில் முன்னாலிருந்தும் அடுத்ததில் பின்னாலிருந்தும் வரைந்தால், வலமாகச் சுற்றுவது இடமாகத் தெரியும். மூடப் போனவர் திறந்துவிடுவார். சக்கரத்துக்கு 4 என்று எண் கொடுத்தால் கடைசிப் படம் வரை அது 4தான். பின்னாளில் அந்தப் பாகமே நீங்கினாலும் அதன் எண்ணை வேறொன்றுக்குக் கொடுப்பதில்லை.

இரசாயனக் கிடங்கில் இந்தக் கட்டுப்பாடு உயிர் காக்கும். அபாயகர இரசாயனங்களுக்கான மலேசியாவின் 2013 விதிமுறைகளை இங்கே ‘கிளாஸ்’ என்போம். அதன்படி பீப்பாயின் லேபிளில் மலாயும் ஆங்கிலமும் இருக்கும். கூடவே சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரத்துக்குள் கறுப்புச் சின்னம். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவருக்கு அந்தச் சின்னமே பீப்பாயையும் என் கையேட்டையும் இணைக்கும் கண்ணி. வெறும் சுடர் என்றால் உள்ளிருப்பது எளிதில் தீப்பற்றும். சுடருக்குக் கீழே வட்டம் இருந்தால், உள்ளிருப்பது தான் எரியாவிட்டாலும் பக்கத்திலிருப்பது கடுமையாக எரியத் துணைபோகும். இரண்டுக்கும் ‘தீ அபாயம்’ என்று பொதுவாக எழுதினால், பிரித்து வைக்க வேண்டியவை அருகருகே அடுக்கப்படும். அதனால் ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரே வாசகம். சின்னத்தை அழகுக்காக மாற்றி வரையவும் கூடாது, வட்டம் மறையும் அளவுக்குச் சுருக்கவும் கூடாது.

திருத்தம் வந்தால் முதலில் பட்டியல் மாறும். பிறகு படம், வாசகம், சுவர் அறிவிப்பு எல்லாம் ஒரே நாளில் மாறும். பழைய தாளைச் சுவரிலிருந்து எடுத்தார்களா என்று நேரில் போய்ப் பார்ப்பேன். பழையதும் புதியதும் அருகருகே தொங்கினால் தொழிலாளி எதை நம்புவார்? அந்தக் கேள்விக்கே இடம் வைக்காத கையேடுதான் முடிந்த கையேடு.