கூடுதலாக ஒரு பெயர்

வில்லியனூர் சாலையிலிருந்து மூலக்குளத்தின் உள்தெருவுக்குத் திரும்பியதும் லாரி இரைச்சல் பாதியாகிறது. மீதிப் பாதியை மாடியறையின் ஜன்னலைச் சாத்தி நிறுத்தினார் வீட்டுக்காரர். மின்விசிறியையும் அணைத்துவிட்டார். புதுச்சேரி வெயிலில் இசைத்தட்டு கேட்க இந்த அளவுக்கு வியர்க்க வேண்டுமா என்று தோன்றியது, வாயைத் திறக்கவில்லை.

அவருடைய அப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். பெட்டியோடு வந்தவற்றில் ஒன்று பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', பிரான்சில் பாத்தே மார்க்கோனி அச்சிட்டது. 1973 மார்ச்சில் வெளிவந்த தொகுப்பு. அதே தொகுப்பின் 2016 மறுபதிப்பை வீட்டுக்காரரின் மகன் போன வருடம் வாங்கித் தந்திருக்கிறார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கேட்கத்தான் போயிருந்தேன்.

"தூக்கிப் பாருங்க தம்பி" என்றார். புதிய தட்டு 180 கிராம். கையில் கனம் தெரிகிறது. கடைக்காரர்கள் இந்தக் கனத்தைச் சொல்லியே விற்கிறார்கள். கனமான தட்டு எளிதில் வளையாது என்பது வரை சரி. ஒலியின் தரம், எந்த நாடாவிலிருந்து எடுத்தார்கள், தட்டின் அச்சை யார் வெட்டினார்கள் என்பதில்தான் இருக்கிறது. மறுபதிப்பை மெருகேற்றியவர்கள் ஜேம்ஸ் கத்ரி, ஜோயல் பிளாண்ட், பெர்னி கிரண்ட்மன்.

முதலில் பழையதை ஓட்டினார். தொடக்கத்து இதயத் துடிப்பே சரசரப்புக்கு அடியிலிருந்துதான் வந்தது. புதியதில் அந்தத் துடிப்பு தனியாக நிற்கிறது, கடிகாரங்கள் அலறும்போது ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்திலிருந்து கேட்கிறது. ஆனால் முதல் பக்கத்தின் கடைசியில் கிளேர் டோரியின் குரல் எழும்போது எனக்குப் பழைய தட்டே பிடித்திருந்தது. காரணம் சொல்லத் தெரியவில்லை.

வரிகளே இல்லாத அந்தப் பாட்டை அவர் அந்த இடத்திலேயே கற்பனை செய்து பாடினார். ராகம் கொடுத்து ஆலாபனை பாடச் சொன்னதுபோல. கிடைத்த கூலி 30 பவுண்டு. பழைய உறையில் அவர் பாடகி மட்டுமே. இசையமைத்தவர் ரிச்சர்ட் ரைட் ஒருவர்தான். 2004இல் டோரி வழக்குப் போட்டார், அடுத்த வருடம் சமரசமானது. புதிய உறையை விரித்து விரலை வைத்துக் காட்டினார் வீட்டுக்காரர்: ரைட், டோரி என்று இரண்டு பெயர்கள். மறுபதிப்புக்குக் கொடுத்த காசு எனக்கு அங்கேதான் செரித்தது. மற்றபடி உறையில் உள்ள முப்பட்டகமும் சுவரொட்டிகளும் பழசின் நகல்தான்.

தட்டைப் புரட்டினார். இரண்டாம் பக்கம் 'மணி'. காசு குலுங்கும் ஓசை ஒரு சுற்றுக்கு ஏழு அடியாக வர, அவர் தொடையில் தட்டத் தொடங்கினார்: மூன்று, நான்கு, மூன்று, நான்கு.

"மிஸ்ர சாப்பு!" என்றார், ராக் கேட்கும் மனிதர் போலவே இல்லாமல்.

சாக்ஸபோன் வரை சரியாகத்தான் போனது. கிட்டார் நுழைந்ததும் தாளம் நான்குக்கு மாறியது. அவர் கை அதற்கு முன்பே மாறியிருந்தது. நான்தான் இன்னும் ஏழில் தட்டிக்கொண்டிருந்தேன்.