நிரந்தர வாசம்

'நிரந்தரம்' என்னும் சொல்லின் மேல் எனக்கு என்றுமே அவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை. நான் சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்தபோது 'தற்காலிகம்' என்று குறிப்பிட்டுத்தான் உத்தரவு கொடுத்தார்கள். அந்தத் தற்காலிக உத்தியோகம் 32 வருஷம் நீடித்தது. என் இளைய குமாரனுக்கு அமெரிக்க சர்க்கார் அளித்ததோ 'நிரந்தர வாச' உரிமை. முன்கூட்டி அனுமதி பெறாமல் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே தங்கிவிட்டால், அதைக் காட்டி மறுபடி அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது! எது நிரந்தரம், எது தற்காலிகம் என்பதை நேயர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

அந்த உரிமைக்கு அடையாளமாகக் கொடுக்கும் அட்டையைக் 'கிரீன் கார்டு' என்கிறார்கள். உத்தியோகத்தின் பேரில் வருஷந்தோறும் வழங்கும் அட்டைகளில், எந்த ஒரு தேசத்தில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக நூற்றுக்கு 7-க்கு மேல் கிடையாது என்பது அவர்களுடைய சட்டம். சின்னஞ்சிறு தேசத்துக்கும் அதே 7, நம் தேசத்துக்கும் அதே 7. ஆகவே நம்மவர்களின் வரிசை நீண்டுகொண்டே போகிறது. என் மகன் அந்த வரிசையில் 9 வருஷம் நின்றான். 2017-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் அட்டை வந்தது என்று டெலிபோனில் சொன்னபோது, என் மனைவி அன்றைக்கே பாயசம் வைத்துவிட்டாள். "இனிமேல் அவனை யாரும் போ என்று சொல்ல முடியாதே!" என்றாள். "வா என்று நாம் சொல்வதுதான் இனிக் கஷ்டம்" என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

அதே வருஷம் ஆவணியில் அவனுடைய தங்கைக்குக் கல்யாணம். வந்தான், பந்தற்கால் நட்டதிலிருந்து கட்டுச்சாதக் கூடை வரையில் எல்லாக் காரியத்திலும் முன் நின்றான், 12 நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனான். அந்த 12 நாளின் விலை என்ன என்பது வெகு காலத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

2018 மார்ச்சு மாதத்தில் அவனுடைய கம்பெனி அவனைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. எங்களுக்கோ பரம சந்தோஷம். சிங்கப்பூர் என்றால் சென்னைக்கு நாலு மணி நேரப் பிரயாணந்தானே? அவன் புறப்படு முன்பே மனுச் செய்து, கைரேகை கொடுத்து, மறுபிரவேச அனுமதி வாங்கிக் கொண்டான். அது 2 வருஷம் செல்லும். அந்தக் காலத்தில் கிடைத்த லீவு நாட்களையெல்லாம் எங்களோடேயே கழித்தான். 2020 பிப்ரவரியில், கொரோனாவினால் உலகம் கதவைச் சாத்திக்கொள்வதற்குச் சில வாரம் முன்னதாக, அமெரிக்காவுக்குத் திரும்பினான். அட்டை பிழைத்தது. எல்லாம் சுபமாக முடிந்துவிட்டதென்று நாங்கள் எண்ணியிருந்தோம்.

2022-ல் என் மனைவி கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக் கொண்டாள். செய்தி கேட்டதும் மகன் ஓடி வந்தான். இங்கிருந்தபடியே வேலை பார்க்கக் கம்பெனியார் சம்மதித்திருந்தார்கள். தாயாரைத் தூக்கி உட்கார வைப்பதும், மருந்து கொடுப்பதும், இரவில் கம்ப்யூட்டரின் முன் கண் விழிப்பதுமாக மாதங்கள் சென்றன. ஒரு நாள் கூடத்தில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரின் தாளைக் கிழிக்கப் போனேன். தாளின் மூலையில் பென்சிலால் சிறியதாக '141' என்று எழுதியிருந்தது. மறுநாள் தாளில் '142'. ஏதோ மருந்துக் கணக்கு என்று நினைத்தேன். '168' என்று எழுதிய தினத்தில் அவன் பெட்டியைக் கட்டினான்.

"அம்மா இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லையே! பத்து நாள் பொறுக்கக் கூடாதா?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன்.

அவன் தலை குனிந்தபடி சொன்னான்: "முடியாது அப்பா. 6 மாதம் தாண்டினால் என் கணக்கு முறிந்துவிடும்."

அப்போதுதான் அந்தக் கணக்கை எனக்கு விளக்கினான். பிரஜா உரிமை கேட்பவன் அங்கே 5 வருஷம் தொடர்ந்து வாசம் செய்திருக்க வேண்டும். அதில் பாதி, அதாவது 30 மாதம், நேரிலேயே அந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும். ஒரே மூச்சில் 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், வாசம் முறிந்ததென்றே அதிகாரிகள் முதலில் கொள்வார்கள். இல்லையென்று நிரூபிப்பது மனுதாரர் பொறுப்பு. ஒரு வருஷமாகிவிட்டால் வாதத்துக்கே இடமில்லை. மறுபிரவேச அனுமதி அட்டையைத்தான் காப்பாற்றும். இந்தக் கணக்கைக் காப்பாற்றாது. சிங்கப்பூரில் இருந்த காலத்தில் அவனுடைய பழைய கணக்கு அழிந்து, 2020-ல் திரும்பிய நாள் முதல் புதிதாக ஆரம்பித்திருந்தது.

"அமெரிக்கக் கம்பெனி வேலையாகத்தானே போனாய்? அதற்கு ஒரு விலக்கும் கிடையாதா?" என்று கேட்டேன்.

"உண்டு அப்பா. அப்படிப் போகிறவர்கள் வாசத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தனியாக ஒரு மனுப் போடலாம். ஆனால் அட்டை கிடைத்த பிறகு இடைவிடாமல் ஒரு வருஷம் அங்கேயே இருந்திருக்க வேண்டும். ஒரு நாள்கூட வெளியே போயிருக்கக் கூடாது."

நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2017 ஜனவரி, 2018 மார்ச்சு, நடுவில் ஆவணி மாதத்து முகூர்த்தம். அந்த 12 நாள் இல்லாவிட்டால் 2022-க்குள் பிரஜா உரிமைக்கு மனுச் செய்திருக்கலாம். தாயார் எழுந்து நடக்கும் வரையில் பக்கத்திலேயே இருந்திருக்கலாம்.

"தங்கையிடம் இதைச் சொல்லாதீர்கள் அப்பா" என்றான். நான் சொல்லவில்லை. அவன் போய் ஒன்பதாம் நாள், என் மனைவி நடை வண்டியைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தாள். அதை அவன் டெலிபோன் திரையில் பார்த்தான்.

2025-ல் ஒரு வழியாக அவன் பிரமாணம் எடுத்துக் கொண்டான். மற்ற தேசங்களிடம் வைத்திருந்த விசுவாசத்தையெல்லாம் துறக்கிறேன் என்பது அந்தப் பிரமாணத்தின் சாரம். நம் அரசியல் சட்டத்தின் 9-வது ஷரத்தும், 1955-ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டமும், மனமொப்பி வேறு தேசத்துப் பிரஜையாகிறவன் இந்தியப் பிரஜையாக இருக்க முடியாது என்கின்றன. என் தகப்பனார் 1942-ல் வேலூர்ச் சிறையில் இருந்தவர். அவருடைய பேரன் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுப்பதா? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் கடலுக்கு அப்பாலும் நம்மவர் ஒரு போராட்டம் நடத்தியிருக்கிறார்கள். 1923-ல் பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில், இந்தியர் அமெரிக்கப் பிரஜையாவதற்குத் தகுதியற்றவர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸான்பிரான்ஸிஸ்கோவில் வியாபாரம் செய்து வந்த வைஷ்ணோ தாஸ் பகாய் 1921-ல் பிரஜையானவர். தீர்ப்புக்குப் பின் அவருடைய உரிமை பறிக்கப்பட்டது. எந்தத் தேசமும் தம்முடையதல்லாத நிலையில், 1928-ல் அவர் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். 1946-ல் சட்டம் திருத்தப்பட்டு, வருஷத்துக்கு 100 இந்தியருக்கு இடம் கிடைத்தது. 1949-ல் பிரஜையான தலீப் சிங் ஸௌந்த் 1956-ல் அந்நாட்டுக் காங்கிரஸுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இதையெல்லாம் நினைத்தபோது மனம் சிறிது தெளிந்தது. வரி கொடுப்பவனுக்கு வாய் வேண்டும் என்பதற்காகத்தானே என் தகப்பனார் சிறை சென்றார்? இத்தனை வருஷமாக என் மகன் அங்கே வரி கொடுத்தான், வோட்டு இல்லை. இங்கே வோட்டு உண்டு; 2010-ல் செய்த திருத்தத்தின்படி பெயரையும் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் வோட்டுப் போட ஊருக்கே வந்தாக வேண்டும். இரண்டு வீட்டிலும் விருந்தாளியாக இருப்பதைவிட, ஒரு வீட்டில் பொறுப்பு ஏற்பதே ஆண்மை என்று இப்போது நினைக்கிறேன். நஷ்டம் இல்லையென்று சொல்லவில்லை. நம் சர்க்கார் அவனுக்குக் கொடுத்திருக்கும் புதிய அட்டையில், 'கடல் கடந்த இந்தியப் பிரஜை' என்ற பெயர் மட்டும் இருக்கிறது, வோட்டு இல்லை, விளைநிலம் வாங்கும் உரிமையும் இல்லை. வந்து போகத் தடையில்லை என்பதே லாபம்.

சென்ற மாதம் வந்திருந்தான். ரத்து முத்திரை குத்திய பழைய பாஸ்போர்ட்டைத் தாயாரிடம் கொடுத்தான். மாமனாரின் தக்ளியும் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதங்களும் இருக்கும் பெட்டியில் அவள் அதை வைத்தாள். பிறகு வழக்கம்போல், "எத்தனை நாள் இருப்பாய்?" என்று கேட்டாள்.

"லீவு மூன்று வாரந்தான் அம்மா. ஆனால் இனிமேல் கம்பெனிதான் நாளை எண்ணும், சர்க்கார் எண்ணாது" என்றான்.

அவன் போகும் வரையில் தினசரிக் காலண்டரின் தாளை நானேதான் கிழித்தேன். எந்தத் தாளிலும் பென்சில் குறி இல்லை.