மடிப்பில் நின்ற மை: பெர்ரி சகோதரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆலன் பெர்ரி, மைக்கேல் பெர்ரி இருவருக்கும்,

உங்களுக்குத் தெரியாத மொழியில் உங்களுக்கு நன்றி எழுதுவதில் ஒரு வசதி உண்டு. கூச்சமில்லாமல் எழுதலாம். பதில் போட வேண்டிய சங்கடம் உங்களுக்கும் இல்லை.

லெஸ்டரில் என் வீட்டு மாடியறை அலமாரியில் வருடக்கணக்காகச் சாம்பல் நிறத்திலேயே கிடந்த ஒரு பொம்மைப் படை, இப்போது சிவப்பும் நீலமுமாக எழுந்து நிற்கிறது. இன்னும் முழுதாக முடியவில்லை. ஆனால் முடிந்துவிடும் என்ற தெம்பு வந்திருக்கிறது. பள்ளியில் ஓவிய வகுப்பென்றால் கடைசி பெஞ்சுக்கு ஓடியவனுக்கு இது சின்ன விஷயமில்லை. இந்த வேலையில் பெரும்பங்கு உங்களுடையது என்பது மெல்ல மெல்லத்தான் எனக்கு விளங்கியது. அதற்காகத்தான் இந்த மடல்.

மற்ற வாசகர்களுக்கு இவர்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெர்ரி சகோதரர்கள் இரட்டையர்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் சிற்றுருவங்கள் செதுக்குபவர்கள். கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தில் பல ஆண்டுகள் இருந்தவர்கள். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களையொட்டி அந்த நிறுவனம் வெளியிட்ட பொம்மைகளில் பெரும்பாலானவை இவர்கள் கைவண்ணம். சொந்தமாக ‘பெர்ரி மினியேச்சர்ஸ்’ நிறுவனத்தையும் தொடங்கி, வரலாற்றுப் போர்களின் வீரர்களைச் செய்கிறார்கள். ஆள் உயரம் 28 மில்லிமீட்டர், அதாவது கட்டைவிரலின் பாதி. பெட்டியில் அவர்கள் முழு ஆளாக வருவதில்லை. உடல் தனி, கை தனி, தலை தனியாகப் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வருவார்கள். வாங்கியவர்தான் வெட்டி, செதில் சீவி, பசை போட்டு, வண்ணம் தீட்ட வேண்டும். அதன்பிறகே மேசையில் அணிவகுத்து, அளவுநாடாவும் பகடையுமாகப் போர் ஆடலாம்.

நான் வாங்கியது உங்கள் ‘வார்ஸ் ஆஃப் தி ரோசஸ்’ காலாட்படைப் பெட்டி. யார்க், லங்காஸ்டர் வம்சங்கள் இங்கிலாந்து அரியணைக்காக 15-ஆம் நூற்றாண்டில் வெட்டிக்கொண்ட காலத்தின் வில்லாளிகளும் ஈட்டிக்கோடாரி வீரர்களுமாக நாற்பது பேர். 2012-இல் எங்கள் ஊர்க் கார் நிறுத்தத்துக்கு அடியில் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் கிடைத்தன. இதே போர்களில், 1485-இல் பாஸ்வொர்த்தில் வெட்டுண்டு இறந்த மன்னர். 2015 மார்ச்சில் அவரை ஊர் தேவாலயத்தில் மறுபடி அடக்கம் செய்தபோது தெருவெல்லாம் கூட்டம். சவப்பெட்டிமேல் வெள்ளை ரோஜாக்களை வீசினார்கள். நானும் நின்று பார்த்தேன். அந்தச் சூட்டில் வாங்கிய பெட்டி அது. சூடு ஆறுவதற்குள் இன்னும் சில பெட்டிகளும் வந்து சேர்ந்துவிட்டன.

இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் எவர் வீட்டுக்குப் போனாலும் வண்ணம் காணாத குவியல் ஒன்று இருக்கும். வாங்க ஒரு நிமிடம் போதும். நாற்பது பேருக்கும் முகம், கை, சட்டை, கச்சை, செருப்பு, வாளுறை என்று தீட்டி முடிக்க ஒரு குளிர்காலம் வேண்டும். கணக்கு எப்படி நேராகும்? 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதி இந்த விளையாட்டுக்கு விதி வகுத்த ஹெச்.ஜி. வெல்ஸுக்கு இந்த வியாதி வரவில்லை. அவர் தரையில் பரப்பி ஆடிய வில்லியம் பிரிட்டன் கம்பெனி ஈயச் சிப்பாய்கள் வண்ணம் பூசியே விற்பனைக்கு வந்தவர்கள். வாங்கின அன்றைக்கே போரைத் தொடங்கிவிடலாம். கொடுத்து வைத்த மனிதர்.

என்னை முடக்கிப் போட்டது சோம்பல் மட்டுமல்ல, இந்தப் பொழுதுபோக்குப் பத்திரிகைகளில் வரும் படங்களும்தான். ஒரு சிவப்புச் சட்டை என்றால் முதலில் நடுச்சிவப்பு, பள்ளத்தில் கருஞ்சிவப்பு, மேட்டில் இளஞ்சிவப்பு, விளிம்பில் இன்னும் வெளிறிய கீற்று. இப்படி ஒவ்வொரு நிறத்துக்கும் நான்கு படி. சட்டையில் வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே தங்கும் என்பது தீட்டுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. தெரியாத வேலையை நாற்பது முறை செய்ய யாருக்குக் கை வரும்?

உங்கள் வில்லாளி ஒருவனிடம்தான் அந்த முடக்கம் உடைந்தது. பஞ்சு அடைத்து நெடுக்குத் தையல் போட்ட மேலங்கி அணிந்தவன், இடுப்பில் அம்புக்கட்டு. அங்கிக்கு வெறும் மணல் நிறம் ஒரே பூச்சு. காய்ந்ததும், ‘வாஷ்’ என்று விற்கும் நீர்த்த பழுப்பு மையைப் பிரஷ்ஷில் தோய்த்து மேலே தடவினேன். முதலில் ஆள் சேற்றில் விழுந்து எழுந்தவன் மாதிரி இருந்தான். அரைமணி கழித்துப் பார்க்கிறேன்: மேடுகளை விட்டு இறங்கி, ஒவ்வொரு தையல் வரியிலும் மை தானே போய் நின்றிருக்கிறது. கச்சை இறுக்கிய இடத்தில் துணி சுருங்கி வீங்குமே, அந்த வீக்கம் தெரிகிறது. முழங்காலுக்குப் பின்னால் இறுகிய காலுறையில் மூன்று மடிப்பு. இமைக்குக் கீழே நிழல். கண்ணே தீட்டவில்லை, ஆனால் அவன் பார்க்கிறான்.

அந்த நிழலை நான் போடவில்லை. நீங்கள் போட்டு வைத்திருந்தீர்கள். மை அதைத் தேடிக்கொண்டு போனது, அவ்வளவுதான்.

அதன்பிறகு உங்கள் தொழிலைப் பற்றித் தேடிப் படித்தேன். நிஜத் துணியின் மடிப்பை 28 மில்லிமீட்டருக்கு அப்படியே சுருக்கினால் மயிரிழையாகிவிடும். மையும் நிற்காது, கண்ணுக்கும் தெரியாது. அதனால் செதுக்குபவர் அதை ஆழமாக்க வேண்டும். ஆக்கியது தெரியவும் கூடாது. பிளாஸ்டிக் என்றால் இன்னொரு தொல்லை. எஃகு அச்சு இரண்டு பாதியாகத் திறக்கும். உள்வாங்கிய பள்ளம் ஏதாவது இருந்தால் பொம்மை அதில் மாட்டிக்கொண்டு வெளியே வராது. ஆகவே எந்த மடிப்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எந்தக் கையைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டாக வேண்டும். இத்தனைக்கும் நடுவில் உங்கள் ஆட்கள் ஆட்களாகவே இருக்கிறார்கள். பூசணித் தலையும் பலாப்பழக் கையுமாகப் பொம்மை செய்வோர் நிறைய, ரசிகர்களும் நிறைய. எனக்கு உங்கள் ஒல்லி ஆட்கள் போதும்.

நிழல் என் பொறுப்பில்லை என்று தெரிந்தபின் வேலை வேகமெடுத்தது. ‘லயன் ராம்பன்ட்’ என்ற விதிநூலில் காலாட்படையின் பெரும்பாலான அணிகளில் பன்னிரண்டு பேர். அதையே என் அளவாக வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு பேரையும் ஐஸ் குச்சிகளில் ஒட்டி வரிசையாக நிறுத்துவேன். முதலில் கறுப்பு பிரைமர், பிறகு மேலிருந்து மட்டும் வெள்ளை. இதுவும் வெளிச்சத்தைத் தானே விழ வைக்கும் வித்தை. ஸ்பிரே டப்பாவைக் கொல்லைப்புறத்தில்தான் அடிக்க முடியும். ஈரக்காற்றில் அடித்தால் பூச்சு மாவு மாவாகப் பொரிந்துவிடும். இங்கிலாந்தில் ஈரமில்லாத நாளுக்குக் காத்திருப்பது தனித் தவம். பிறகு எல்லாருக்கும் முகம், எல்லாருக்கும் கை, எல்லாருக்கும் அங்கி என்று பாட்டுக் கச்சேரி ஓட ஓடக் கை தன்பாட்டில் போகும். கடைசியில் மை. இரவில் பூசிவிட்டுப் படுத்தால் காலையில் வேலை முடிந்திருக்கும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்தக் குறுக்குவழி உதவவில்லை. மார்பில் உள்ள சின்னம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பிரபுவின் ஆட்களும் அவரவர் நிறத்தில் சட்டை போட்டு, அதன்மேல் அவர் சின்னத்தைத் தைத்துக்கொண்டார்கள். யார்க் என்றால் முசுக்கொட்டைப் பழச் சிவப்பும் நீலமும். வார்விக் பிரபுவின் ஆட்களுக்குச் சிவப்புச் சட்டையில் வெள்ளை முண்டுக்கட்டை. எள்ளளவு இடம். மடிப்பு இல்லை, பள்ளம் இல்லை, மைக்கு வேலையில்லை. கையால்தான் இழுக்க வேண்டும். விட்டுவிடலாமா என்று யோசித்தபோது பார்னெட் போர் நினைவுக்கு வந்தது.

1471 ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு. விடியலில் கடும் பனிமூட்டம். வார்விக் பக்கத்தில் நின்ற ஆக்ஸ்ஃபோர்ட் பிரபுவின் ஆட்கள், எதிரியின் ஓர் அணியைத் துரத்திவிட்டுத் திரும்பி வருகிறார்கள். அவர்கள் சின்னம் கதிர் வீசும் நட்சத்திரம். எதிரியான நான்காம் எட்வர்டின் சின்னம் கதிர் வீசும் சூரியன். மூட்டத்தில் நட்சத்திரம் சூரியனாகத் தெரிய, வார்விக்கின் ஆட்கள் தங்கள் கூட்டாளிகள்மீதே அம்பு எய்தார்கள். “துரோகம்!” என்று கூச்சல். படை கலைந்தது. வார்விக் அன்றே கொல்லப்பட்டார். அக்கால வரலாற்றுக் குறிப்பு சொல்லும் கதை இது. அதற்கப்புறம் சின்னத்தை விட மனசு வருமா? மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முண்டுக்கட்டையாக இழுத்தேன். சில கட்டைகள் எலும்புத்துண்டு மாதிரி இருக்கின்றன. கைநீளத் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

மைக்கேல், உங்களுக்கென்று ஒரு பத்தி.

தொண்ணூறுகளில் ஒரு போர் மறுநடிப்பில் பீரங்கி விபத்தில் நீங்கள் வலக்கையை இழந்தீர்கள். சோறும் பேரும் தந்த கை. பிறகு இடக்கையால் செதுக்கப் பழகித் தொழிலுக்குத் திரும்பினீர்கள். உங்கள் சொந்த நிறுவனத்தின் படைகளெல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. இந்தச் செய்தியை நான் வெகுநாள் கழித்தே அறிந்தேன். அறிந்ததும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்: இதில் ஆலன் செய்தது எது, மைக்கேல் செய்தது எது? ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாதது உங்கள் இருவருக்கும் பெருமை. ஒன்று கேட்க வேண்டும். புதுக் கைக்கு முதலில் எது படிந்தது, முகமா, துணியா? துணியாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். செதுக்குபவர்களின் பச்சைப் பிசின்மாவில் மடிப்பு எடுப்பதற்கு அழுத்தமும் விடுப்பும் தெரிய வேண்டும். அது விரலில் இருப்பதைவிடக் கண்ணிலும் நினைவிலும் இருக்கிற சமாச்சாரம் என்று, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவனுக்குத் தோன்றுகிறது. தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலமாரியில் அடுத்து இருப்பது உங்கள் கவசப் பிரபுக்கள் பெட்டி. தலை முதல் கால்வரை இரும்பு. வெள்ளிப் பூச்சு, கறுப்பு மை, முடிந்தது. அதை ஒரு மழை வாரத்தில் ஒப்பேற்றிவிடுவேன். குதிரைப்படையை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. குதிரையின் தொடை வழவழவென்று இருக்கிறது; அங்கே மை நிற்க மடிப்பு இல்லை. நல்லவேளை, அந்தக் காலத்துச் சில பிரபுக்கள் குதிரைக்கும் முழங்கால்வரை துணி போர்த்தினார்கள். என் படையில் எல்லாக் குதிரைகளும் போர்வையோடுதான் வரும்.


லெஸ்டரிலிருந்து உங்கள் வாடிக்கையாளன்